வலது பின் மூலை

நுஹாவின் வலது காலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும், முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்துவிட்டால் அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் ரப்பர் விரிப்புதான். இருந்தாலும் அழுத்தும்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தேழு வருடமாக அம்மான் நகரத்துப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அந்த ஊரில் ஓட்டுகிறவருக்கு இடது இருக்கை. சொல்லிக்கொடுக்கிறவருக்கு வலது இருக்கை, காலடியில் தனியாக ஒரு பிரேக். மாமியாருக்குத் தெரியாமல் வந்த மருமகள்களும் உண்டு, மருமகளுக்குத் தெரியாமல் வந்த மாமியார்களும் உண்டு. எல்லாருடைய உயிரையும் அந்த ஒற்றைப் பிரேக்கில் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினாள்.

அவளுக்கென்று வேறு வண்டி இருந்ததில்லை. பயிற்சி வண்டியில்தான் கடைக்குப் போவாள், கல்யாணத்துக்கும் போவாள். கூரைமேல் ‘பயிற்சி’ என்று எழுதிய பலகை நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். மீசை முளைக்காத பயல்கள் சிக்னலில் கண்ணாடியை இறக்கி, “பயப்படாதீங்க அத்தை, மெதுவா கிளட்சை விடுங்க” என்று புத்தி சொல்வார்கள். இருபத்தேழு வருடம் இதைக் கேட்டுச் சிரித்தாள். வேலையை விட்ட அன்று பலகையோடு வண்டியையும் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு, இனி தனக்கு வேண்டியது என்ன என்று யோசித்தாள். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

“ரெண்டு சீட்டா?” என்றான் அவள் தம்பி முந்திர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எதையும் எடை போட்டுத்தான் பேசுவான். “அக்கா, நம்ம வீட்ல எட்டுப் பேர் இருக்கோம்.”

“அதனாலதான்டா.”

“வெள்ளிக்கிழமை எல்லாருமா வெளிய கிளம்பினா?”

“நீ எல்லாரையும் கூட்டிட்டு வா. நான் முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்.”

“மேல துணிக்கூரை வேற. மழை பேஞ்சா?”

“நனைவேன்.”

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் சால்ட் ஊருக்குக் கிளம்பினார்கள். முந்திர் ஓட்டினான். வழியெல்லாம் நுஹாவின் கால் அழுத்திக்கொண்டே வந்தது. “அந்த விரிப்புல ஓட்டை போட்டுறாத, போன மாசம்தான் வாங்கினேன்” என்றான் அவன்.

வண்டியை விற்பவர் நில அளவையாளராக இருந்தவர். மூத்த மகன் பெயர் ஹைதம் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் அபூ ஹைதம், அவர் மனைவி உம்மு ஹைதம். மலைச்சரிவில் மஞ்சள் கல் வீடு. வாசலில் திராட்சைப் பந்தல். பந்தலுக்கடியில் அந்த வண்டி நின்றது.

கரும்பச்சை நிறம். ஜப்பானில் பிறந்து, ஸர்க்காவின் சுங்கக் கிடங்கு வழியாக இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. விளக்குகள் மூடியிருந்ததால் தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது. நுஹா அதைப் பார்த்தாள். பார்த்த கணமே வாங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து டயரின் தேதியைப் படித்தாள். எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கதவைத் திறந்து, மூடி, அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

அபூ ஹைதம் முந்திரிடம்தான் பேச ஆரம்பித்தார். நாலு வார்த்தை ஆனதும் வாங்கப் போவது யார் என்பது அவருக்கே புரிந்துவிட்டது; நுஹாவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“என்னம்மா, டாக்டர் நாடி பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

“எதுக்குண்ணே விக்கிறீங்க?”

“முட்டி. உள்ள உக்காந்துருவேன். கிணத்துல இறங்குற மாதிரி சுலபம். வெளிய வர்றதுக்குத்தான் ரெண்டு ஆள் கை கொடுக்கணும். போன மாசம் பேக்கரி வாசல்ல ரொட்டிக்காரனும் இமாமும் சேர்ந்து தூக்கி விட்டாங்க.”

நாற்காலி போட்டார்கள். ஒரு தட்டில் பச்சைப் பாதாமும் உப்பும் வந்தன. பின்னாலேயே காபித் தட்டை ஏந்திக்கொண்டு உம்மு ஹைதம் வந்தாள். அறுபதைத் தாண்டிய, கன்னம் சிவந்த பெண்மணி. நுஹாவைப் பார்த்தாள். தட்டிலிருந்த கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடின.

“முதல் தடவையா சந்திக்கிறோம், ரொம்ப சந்தோஷம்” என்றாள் நுஹா, கோப்பையை எடுத்துக்கொண்டே.

முதல் தடவையாவது! பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே உம்மு ஹைதம் பஸ் ஏறி அம்மானுக்கு வந்து நுஹாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் சொன்னது பல் வைத்தியரிடம் போவதாக. பதினோரு பாடம், பதினோரு பல்வலி. மூன்றாவது முயற்சியில் லைசென்சும் வாங்கினாள். நேராக ஓட்டுவதில் கெட்டிக்காரி. பின்னால் எடுக்கும்போது மட்டும் இடது தோளுக்கு மேலேயே பார்ப்பாள். வண்டிக்கு இன்னொரு பக்கம் இருப்பதே மறந்துபோகும். “வலது பின் மூலை, கண்ணு! அங்கயும் வண்டி இருக்கு!” என்று நுஹா நூறு தடவையாவது கத்தியிருப்பாள். தன்னிடம் ரகசியமாக வந்தவர்களை வெளியில் பார்த்தால் தெரியாத மாதிரி இருந்துவிடுவது அவள் தொழிலின் வழக்கம். இதுவரை அதில் தவறியதில்லை.

“வண்டி எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. விலையும் நியாயமா இருக்கு. பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டா முடிச்சிரலாம்” என்றாள் நுஹா.

அந்த நாட்டில் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் பழைய வண்டி கைமாறாது. அடிச்சட்டத்தின் நாலு மூலையையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நல்லது’ என்றோ, லேசாக முட்டியிருந்தால் ‘தட்டல்’ என்றோ, பலமாக முட்டியிருந்தால் ‘அடி’ என்றோ எழுதிக் கொடுப்பார்கள். நாலுக்கு நாலும் ‘நல்லது’ என்றால் சொந்தக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

“பரிசோதனை எதுக்கு?” என்றாள் உம்மு ஹைதம் அவசரமாக. “இவங்க பாத்தாங்களே. விஷயம் தெரிஞ்சவங்க மாதிரிதான் இருக்கு.”

“பாக்கட்டும்!” என்றார் அபூ ஹைதம். “பத்தொம்பது வருஷத்துல என்னைத் தவிர ஒரு ஆள் இதை ஓட்டினதில்ல. நாலு மூலையும் நல்லது. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஊர் நடுவுல நின்னு இந்த மீசையை எடுத்துடறேன்.” நரைத்த, அடர்ந்த, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. ஒரு விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்.

“எதுக்கெடுத்தாலும் மீசையா? சட்டைக் காலரு, செருப்பு, இப்படிக் கொஞ்சம் கம்மியா எதையாவது சொல்லக் கூடாதா?”

“சொன்னது சொன்னதுதான்.”

முந்திர் அபூ ஹைதமோடு பச்சை வண்டியில் போனான். நுஹா தம்பியின் வண்டியில் பின்னாலேயே போனாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சின்ன வண்டி ஒட்டிப்பிடித்துத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே போனாள். நாளைக்கு இந்த வளைவில் நான், மறுநாள் சாக்கடலுக்கு இறங்குகிற பாதையில் நான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அவளிடம் இல்லவே இல்லை.

பரிசோதனைக்காரர் அணைந்த சிகரெட்டை வாயில் வைத்தபடி வண்டியை மேலே தூக்கி, கையில் விளக்கும் திருப்புளியுமாக அடியில் நுழைந்தார். தட்டித் தட்டி உரக்கச் சொன்னார். “முன் இடது, நல்லது. முன் வலது, நல்லது. பின் இடது, நல்லது.” அபூ ஹைதம் தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்த நாலைந்து பேரைப் பெருமையாகப் பார்த்தார். “பின் வலது...”

திருப்புளி இரண்டு தடவை தட்டியது. மூன்றாவது தடவையும் தட்டியது.

“பின் வலது, தட்டல்.”

“இன்னொரு தடவை பாருங்க!”

“பாத்துட்டேன் மாமா. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். பின்னால எடுக்கும்போது சுவர்ல முட்டியிருக்கு. லேசாத்தான். வண்டிக்கு ஒண்ணும் ஆகல, இன்னும் முப்பது வருஷம் ஓடும். சரி பண்ணவன் நல்ல கைகாரன், வெளிய ஒரு கோடு தெரியாம பெயிண்ட் அடிச்சிருக்கான்.”

“என்னைத் தவிர யாரும் இதை ஓட்டினதில்லைங்கிறேன்!”

“அப்ப முட்டினதும் நீங்கதான்.”

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நுஹா சிரிக்கவில்லை. வலது பின் மூலை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடது தோளுக்கு மேலே திரும்பியிருக்கிற ஒரு சிவந்த கன்னம் அவள் கண்முன் அப்படியே நின்றது.

“எனக்கு இது பெரிய விஷயமே இல்லண்ணே” என்றாள். “சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்.”

அபூ ஹைதம் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார். திரும்பி வரும்போது வழிநெடுக மீசையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார் என்று முந்திர் பிறகு சொன்னான். வீட்டு வாசலில் ரொட்டிக்காரனும் இமாமும் இல்லாமலே, கோபத்தில், அவராகவே வண்டியிலிருந்து எழுந்து வெளியே வந்தார்.

“வண்டி விக்கிறதா இல்ல” என்றார்.

“அண்ணே...”

“உங்க மேல வருத்தம் இல்லம்மா. என் வாக்கு விழுந்து போச்சு. வாக்கு விழுந்த வண்டியை ஒரு மனுஷர் கையில எப்படிக் கொடுப்பேன்? முதல்ல இதைச் செஞ்சது யாருன்னு தெரியணும். அப்புறம் மீசை. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.”

நுஹா வண்டியைப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒரு பொருளை இவ்வளவு ஆசைப்பட்டதில்லை அவள். அது பத்தடி தூரத்தில் நின்றது. இன்னும் அதன் இருக்கையில் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

உம்மு ஹைதம் மறுபடி காபி கொண்டுவந்தாள். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

“பெயிண்ட்காரன் கைகாரன்னு சொன்னானே” என்று அபூ ஹைதம் தனக்குள் பேசிக்கொண்டார். சட்டென்று மனைவியைப் பார்த்தார். “உன் தங்கச்சி மகன் பெயிண்ட் கடைதானே வச்சிருக்கான்? நான் அகாபாவுக்கு அளக்கப் போனேனே ஒரு தடவை, நாலு நாள்... அந்தப் பயல் என் வண்டியை எடுத்துட்டுச் சுத்தியிருப்பான்! இப்பவே கேக்குறேன்.” பையிலிருந்து போனை எடுத்தார்.

உம்மு ஹைதமின் முகத்தில் ரத்தமே இல்லை.

நுஹா கையிலிருந்த காபிக் கோப்பையைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் அந்தச் சின்னச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

முந்திர் திடுக்கிட்டான். அந்தச் சீமையில் விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவருக்கு வீட்டுக்காரரிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தம். பெண் கேட்க வரும் பெரியவர்கள் செய்வார்கள். கொலைப்பழி தீர்த்துச் சமாதானம் பேச வருகிறவர்கள் செய்வார்கள். “குடியுங்கள், கேட்டது உங்களுக்கு” என்று வீட்டுக்காரர் சொல்லும் வரைக்கும் கோப்பை அப்படியே ஆறிக்கொண்டிருக்கும். ஆற விட்டு ஒருவரை அனுப்பிவைத்தால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

“அக்கா!” என்று காதோரம் சீறினான் முந்திர். “ஒரு வண்டிக்காகவா? இதென்ன கல்யாணப் பேச்சா? எடுத்துக் குடிச்சுத் தொலை!”

அபூ ஹைதம் கோப்பையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போனை மடியில் வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். ஒரு பெண் தன் வீட்டில் கோப்பையைக் கீழே வைப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் கோப்பை கோப்பைதான்.

“குடிங்கம்மா” என்றார், தோற்றுப்போன குரலில். “கேட்டது உங்களுக்கு.”

இப்போது ‘வண்டியைக் கொடுங்கள்’ என்று ஒரே ஒரு வார்த்தை போதும். வண்டி அவளுடையது. கேளுங்கள், அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணெதிரே கரும்பச்சை மூக்கு பளபளவென்று மின்னியது. ஆனால் தூணோரம் ஒரு பெண் தலைத்துணி நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள். போன் இன்னும் அவர் மடியில் இருந்தது. ஒரு கோப்பைக்கு ஒரு வேண்டுதல்தான்.

“அந்தத் தட்டல் யாரோடதுன்னு நீங்க யாரையும் கேக்கக் கூடாது” என்றாள் நுஹா. “இன்னிக்கு மட்டுமில்ல. எப்பவுமே. அவ்வளவுதான் என் வேண்டுதல்.”

முந்திர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“வண்டி வேணாமா உங்களுக்கு?” என்றார் அபூ ஹைதம்.

“வேணும். ரொம்ப வேணும். ஆனா அதை உங்களுக்கு மனசிருந்தாத்தான் கொடுக்கணும். கோப்பையை வச்சுக் கேட்டது அதை இல்ல.”

அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு போனைப் பைக்குள் போட்டார். “வாக்கு. யாரையும் கேக்க மாட்டேன்.”

நுஹா கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். ஏலக்காய் வாசனையோடு கசப்பாக இறங்கியது. அவ்வளவுதான், வண்டி போச்சு என்று நினைத்தாள். அழுகை ஒன்றும் வரவில்லை. வேறொரு பச்சை வண்டி எங்கேயாவது நிற்காமலா போகும், தேடிவிடலாம் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க டீச்சர்” என்றாள் உம்மு ஹைதம்.

டீச்சர் என்ற சொல் கேட்டு அபூ ஹைதம் தலையைத் தூக்கினார். உம்மு ஹைதம் விடுவிடுவென்று உள்ளே போனாள். சமையலறையில் அரிசி டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் ஒரு சின்ன அட்டை. நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் காபித் தட்டில், காலிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். லைசென்ஸ். பதினோரு வருடத்துக்கு முந்தைய அவளுடைய முகம் அதிலிருந்து கணவனை முறைத்தது.

“யாரையும் கேக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டீங்க” என்றாள். “கேக்க வேணாம். நானே சொல்றேன். பல் வைத்தியர்கிட்ட போறேன்னு அப்ப போனதெல்லாம் இவங்ககிட்டதான். நீங்க அகாபா போன ரெண்டாம் நாள். பேக்கரி வரைக்கும் போனேன், தோ, அந்தத் திருப்பத்துலேயே பின்னால எடுத்தேன். பள்ளிவாசல் சுவர். என் தங்கச்சி மகன் ரெண்டு நாள் தூங்காம சரி பண்ணான். அதுக்கப்புறம் நான் சாவியைத் தொடல. நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மூலையைத் துணியால துடைக்கும்போது நான் சமையலறைக்குள்ள ஓடிருவேன். அதான் வித்துத் தொலைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

அபூ ஹைதம் எதையோ கேட்க வாயைத் திறந்தார். வாக்கு ஞாபகம் வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். கடைசியில் கேள்வி இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்தார்.

“உனக்கு வாயில மொத்தமே அத்தனை பல்லு கிடையாதேன்னு அப்பவே நினைச்சேன்.”

முதலில் சிரித்தது முந்திர்தான். தபால் ஆபீஸ்காரனுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று நுஹாவுக்கே தெரியாது. பிறகு உம்மு ஹைதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அபூ ஹைதம் மட்டும் சிரிக்காமல் நுஹாவின் பக்கம் திரும்பினார்.

“கத்துக்கொடுத்தது நீங்க.”

“நான்தான். எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அந்த வலது பின் மூலை மட்டும்...”

“அப்படின்னா அந்தத் தட்டல்ல பாதி உங்களோடது.”

நுஹா யோசித்துப் பார்த்தாள். “நியாயம்தான். மறுக்க மாட்டேன்.”

“உங்க தட்டலை நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்றார் அபூ ஹைதம். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “மீதி மூணு மூலையும் அதோடயே வரட்டும். இன்னிக்கு சனிக்கிழமை லீவு, நாளைக்குக் காலைல ஆபீஸ் திறந்ததும் பேர் மாத்திரலாம். இன்னிக்கு ஓட்டிப் பாருங்க. வாக்கும் விழல, ஒண்ணும் விழல. நான் ஓட்டினவரைக்கும் நாலும் நல்லதுதான்.”

“மீசை?” என்றான் முந்திர்.

“அதுல நீங்க தலையிடாதீங்க தம்பி” என்றாள் உம்மு ஹைதம். “அது இல்லாம இவர் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.”

நுஹா இடது பக்கம் போய்க் கதவைத் திறந்து உள்ளே இறங்கினாள். இருக்கையை முன்னால் தள்ளினாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். துணிக்கூரையை அவிழ்த்துப் பின்னால் மடித்தாள். தலைக்குமேல் பந்தல், அதற்குமேல் வானம். பலகை ஒன்றும் இல்லை. முந்திர் வலது கதவில் கை வைத்தான். அதற்குள் உம்மு ஹைதம் அவனை இடுப்பால் நகர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நான்?” என்றார் அபூ ஹைதம்.

“ரெண்டு சீட்டுதான் இருக்கு” என்றாள் அவள், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. “நீங்க தம்பிக்கு இன்னொரு காபி ஊத்துங்க.”

வண்டி உயிர்பெற்றது. நுஹா இடது தோளுக்கு மேலே பார்த்தாள், வலது தோளுக்கு மேலேயும் பார்த்தாள், வாசலிலிருந்து ஒரே வீச்சில் பின்னால் எடுத்தாள். வலது பின் மூலை கல் தூணிலிருந்து ஒரு சாண் தள்ளியே போனது. “ஆங்” என்றாள் உம்மு ஹைதம், பாடம் கேட்கிற குரலில்.

பிறகு மலை இறங்கியது. பேக்கரியைத் தாண்டினார்கள், பள்ளிவாசல் சுவரைத் தாண்டினார்கள். காற்று இரண்டு பேருடைய தலைத்துணியையும் பின்னால் இழுத்தது. மூன்றாவது வளைவில் எதிரே ஒரு தக்காளி லாரி திடீரென்று மூக்கை நீட்டியது. நுஹா கியரைக் குறைத்து, கல்லும் மண்ணும் தெறிக்காமல், ஓரமாக வழுக்கிக்கொண்டு போனாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். புத்தி சொல்வதற்காக அடித்ததல்ல, மெச்சி அடித்தது. அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா?

பக்கத்தில் டொக் என்று சத்தம் கேட்டது. உம்மு ஹைதமின் வலது கால் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது.

“அங்க பிரேக் இல்ல கண்ணு” என்றாள் நுஹா.

“தெரியும். கால் கேக்க மாட்டேங்குது.” கொஞ்ச தூரம் போனதும், “கீழ போய் ஒரே ஒரு தடவை நான் எடுக்கட்டுமா டீச்சர்?”

“நாளைக்கு வா. காலியா ஒரு மைதானம் பாத்து வச்சிருக்கேன். ரிவர்ஸ் மட்டும் ஒரு மணி நேரம். இன்னிக்கு நான்.”

அடுத்த வளைவு வந்தது. நுஹாவின் வலது கால் எதையும் தேடவில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் அதன் கீழேயே இருந்தது. மெதுவாக, பிறகு மெதுவாக இல்லாமல், அழுத்தினாள்.